போலீஸ் துரத்தல் வீடியோவைப் பார்த்து, துரத்தியது சரியா தவறா என்று எடைபோடுவது எப்படி

அமெரிக்க போலீஸ் காரைத் துரத்தும் வீடியோக்கள் யூடியூபில் கொட்டிக் கிடக்கின்றன. பார்க்கிறவர்களில் பாதிப்பேர் முடிவை வைத்துத்தான் தீர்ப்புச் சொல்கிறார்கள். ஓடினவன் பிடிபட்டால் போலீசுக்குச் சபாஷ், வழியில் யாராவது அடிபட்டுச் செத்தால் போலீஸ் அராஜகம். இப்படிப் பார்த்தால் ஒன்றும் புரியாது, ஏனென்றால் முடிவு எப்படி அமைந்தது என்பதில் அதிர்ஷ்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. சான் பிரான்சிஸ்கோ க்ரானிக்கிள் நாளிதழ் திரட்டிய கணக்குப்படி 2017 முதல் 2022 வரை அமெரிக்காவில் இப்படிப்பட்ட துரத்தல்களில் 3,300 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். ஓட்டியவர்கள் மட்டுமில்லை, அந்த வண்டியில் உட்கார்ந்திருந்தவர்கள், எந்தச் சம்பந்தமும் இல்லாமல் அந்தப் பக்கம் வந்தவர்கள் எல்லாரும் அதில் உண்டு. அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கக் கற்றுக்கொள்வது நல்லது.

முதல் வேலை, வீடியோவை சைரன் ஒலிக்கும் இடத்தில் நிறுத்துங்கள். அந்த நொடியில் போலீசுக்கு என்ன தெரிந்திருந்தது? பிற்பாடு டிக்கியைத் திறந்தபோது துப்பாக்கி கிடைத்தது, போதைப்பொருள் கிடைத்தது என்பதையெல்லாம் கணக்கில் சேர்க்காதீர்கள், துரத்த முடிவெடுத்தபோது அது யாருக்கும் தெரியாது. 2001இல் ஜார்ஜியா மாநிலத்தில் விக்டர் ஹாரிஸ் என்ற 19 வயதுப் பையன் 55 மைல் வேகத்தில் போகவேண்டிய சாலையில் 73 மைலில் போனான். நிறுத்தச் சொன்னதும் நிறுத்தாமல் ஓடினான். துரத்தல் பத்து மைல் அளவுக்கு நீண்டது, கடைசியில் திமோதி ஸ்காட் என்ற போலீஸ்காரர் பின்னாலிருந்து பம்பரில் இடித்தார், கார் கவிழ்ந்தது, ஹாரிஸுக்குக் கழுத்துக்குக் கீழே கையும் காலும் செயலிழந்து போயின. எல்லாம் ஆரம்பித்தது வேகமாக ஓட்டியதில்தான். இதைவிடக் கொடுமை, இடித்த ஸ்காட்டுக்கு அந்தக் காரை எதற்காகத் துரத்துகிறார்கள் என்பதே தெரியாது.

ஹாரிஸ் போட்ட வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 2007இல் போலீஸ் பக்கம் 8க்கு 1 என்று தீர்ப்பானது. நீதிபதிகள் போலீஸ் காரின் முன்பக்கக் கேமரா (டேஷ்கேம்) எடுத்த வீடியோவைப் பார்த்துத்தான் முடிவுக்கு வந்தார்கள், அதை நீதிமன்றத்தின் இணையதளத்திலேயே போட்டார்கள். மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய ஒரே ஒருவர் ஸ்டீவன்ஸ், அதே வீடியோவைப் பார்த்து நேர் எதிரான முடிவுக்கு வந்தார். பிறகு ஆராய்ச்சியாளர்கள் சிலர் இதே வீடியோவைச் சுமார் 1,350 அமெரிக்கர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். பெரும்பான்மை நீதிமன்றத்தோடு ஒத்துப்போனாலும், பார்க்கிறவர் யார், எந்தப் பின்னணி என்பதைப் பொறுத்துப் பதில் மாறியது. அதனால் வீடியோ முடிந்ததும் உங்களுக்குள் எழும் முதல் கோபத்தை, அது யார் மேல் வந்தாலும், நம்பிவிடாதீர்கள்.

அடுத்து நம்பர் பிளேட். வண்டி எண் கிடைத்துவிட்டதா, ஓட்டுகிறவர் யாரென்று தெரியுமா? தெரிந்தால் நாளைக்கு வீட்டு வாசலில் போய்ப் பிடிக்கலாம். திருட்டு வண்டி, போலி நம்பர் என்றால் அது நடக்காது என்பது உண்மைதான், அங்கே போலீசின் வாதத்துக்குப் பலம் கூடும். ஹெலிகாப்டர் மேலே வந்துவிட்ட பிறகும் தரையில் நாலைந்து கார்கள் முட்டிமோதிக்கொண்டு போகின்றனவா என்றும் பாருங்கள். மேலிருந்து கண்காணிக்க முடிகிறபோது பின்னால் ஒட்டிக்கொண்டு போவதற்கு அவசியம் குறைவு. காரில் ஜிபிஎஸ் கருவியை ஒட்டவைக்கும் ஸ்டார்சேஸ் மாதிரியான ஏற்பாடும் சில ஊர்களில் இருக்கிறது, ஒட்டியபின் போலீஸ் பின்வாங்கித் தூரத்திலிருந்தே தொடரலாம்.

சாலை, நேரம், மழை, பள்ளிக்கூடம், எதிர்த்திசையில் நுழைந்தானா என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும், விளக்க வேண்டியதில்லை. தெரியாமல் போவது ஒன்றுதான்: காருக்குள் வேறு யார் இருக்கிறார்கள்? 1990இல் கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோவில் ஒரு மோட்டார்சைக்கிளைத் துரத்தினார்கள், வேகம் 100 மைல் வரை போனது, 75 நொடியில் எல்லாம் முடிந்தது. பைக் சாய்ந்ததும் பின்னால் வந்த போலீஸ் கார் நிற்க முடியாமல், பின்சீட்டில் உட்கார்ந்து வந்த 16 வயதுப் பையன் மேல் மோதிவிட்டது. ஓட்டியவன் அவன் இல்லை, நிறுத்தலாமா வேண்டாமா என்று முடிவெடுத்ததும் அவன் இல்லை. பெற்றோர் தொடுத்த வழக்கில் 1998இல் உச்ச நீதிமன்றம், தீங்கு செய்யும் நோக்கம் இருந்தாலொழிய போலீஸ்காரர் மேல் அரசியல் சட்டப்படி குற்றம் சொல்ல முடியாது என்றுவிட்டது. நீதிமன்றம் காப்பாற்றும் என்று நினைத்தால் இவ்வளவுதான். உண்மையான கடிவாளம் ஒவ்வொரு ஊர் போலீசும் தனக்குத்தானே எழுதி வைத்திருக்கும் விதிமுறையில் இருக்கிறது.

வீடியோவில் ரேடியோ சத்தம் வந்தால் காது கொடுத்துக் கேளுங்கள். மேலதிகாரி கேள்வி கேட்கிறாரா, என்ன குற்றம், என்ன வேகம், எவ்வளவு டிராஃபிக் என்று? துரத்துகிறவரின் ரத்தம் கொதித்துக்கொண்டிருக்கும், அவரால் நிதானமாக யோசிக்க முடியாது. நிறுத்து என்று சொல்ல வேறொருவர் இருக்கவேண்டும், சொன்னால் நிறுத்தவும் வேண்டும்.

கடைசியில் காரை எப்படி நிறுத்தினார்கள் என்பது. பிட் என்று ஒரு முறை இருக்கிறது: போலீஸ் கார் பக்கவாட்டில் வந்து, முன்னால் போகும் காரின் பின்சக்கரத்துக்கு அருகே தட்டி அதைச் சுழலவைப்பது. குறைந்த வேகத்தில் இது வேலை செய்யும், பல துறைகள் 35 மைலுக்கு மேல் செய்யாதே என்று வைத்திருக்கின்றன. ஆர்கன்சாஸில் 2020இல் ஒரு கர்ப்பிணிப் பெண், பின்னால் போலீஸ் விளக்கைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்து, ஹஸார்ட் லைட் போட்டு, ஓரம்கட்ட இடம் தேடிக்கொண்டு போனார். அந்த மாநிலத்தின் ஓட்டுநர் கையேடு சொல்வதும் அதைத்தான். அவர் ஓடுகிறார் என்று நினைத்து போலீஸ்காரர் சுமார் 60 மைல் வேகத்தில் பிட் செய்தார், வண்டி தலைகீழாகக் கவிழ்ந்தது. அவர் பிழைத்தார். வழக்குப் போட்டு, சமரசமாகி, மாநில போலீஸ் தன் விதியைத் திருத்தியது.

சரி, துரத்தவே மாட்டார்கள் என்று தெரிந்தால் எல்லாரும் ஓட மாட்டார்களா? இந்தக் கேள்வியைத் தள்ளிவிடக்கூடாது. நியூசிலாந்து 2020 டிசம்பரில் துரத்தலைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியபோது நிறுத்தாமல் ஓடுகிறவர்கள் அதிகமானார்கள், 2023இல் விதியைத் தளர்த்தினார்கள். வாஷிங்டன் மாநிலமும் 2021இல் கட்டுப்படுத்தி 2024இல் பின்வாங்கியது. காரைத் திருட்டுக் கொடுத்தவரின் கோபம் நியாயமானது, அதை லேசாக எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஜெஃப்ரி ஆல்பர்ட் என்ற ஆய்வாளர் சிறையில் இருந்தவர்களிடம் கேட்டபோது, போலீஸ் பின்வாங்கியிருந்தால் வேகத்தைக் குறைத்திருப்போம் என்று 70 சதவீதத்துக்கு மேல் சொன்னார்கள். கொலை, துப்பாக்கிச் சூடு, ஆள்கடத்தல் என்றால் துரத்தட்டும். டெயில் லைட் எரியவில்லை, வேகமாகப் போனான் என்பதற்காக ஊரையே பணயம் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. போலீஸ் நிர்வாகிகளுக்கான பெர்ஃப் என்ற அமைப்பே 2023இல் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னது: வன்முறைக் குற்றம், உடனடி ஆபத்து, இரண்டும் இருந்தால்தான் துரத்து.

அமெரிக்காவில் வசிப்பவர்கள் தங்கள் ஊர் போலீசின் விதிமுறையைத் தேடிப் படிக்கலாம், பல போலீஸ் துறைகள் இணையதளத்திலேயே போட்டிருக்கின்றன. எந்தெந்தக் குற்றத்துக்குத் துரத்தலாம் என்று பட்டியல் இருக்கிறதா, இல்லை அதிகாரியின் விருப்பம் என்று விட்டிருக்கிறதா என்பதை மட்டும் முதலில் பாருங்கள். ஒரு வரி எவ்வளவு மாற்றும் என்பதற்கு இரண்டு உதாரணம்: மயாமி பகுதியின் மெட்ரோ டேட் போலீஸ் 1992இல் வன்முறைக் குற்றத்துக்கு மட்டும் என்று மாற்றியபோது அடுத்த வருடமே துரத்தல்கள் 82 சதவீதம் குறைந்தன. ஒமாஹா நகர போலீஸ் 1993இல் விதியைத் தளர்த்தியது, அங்கே துரத்தல்கள் 600 சதவீதத்துக்கு மேல் கூடியது. சான் பிரான்சிஸ்கோவில் 2024 மார்ச்சில் மக்களே ஓட்டுப் போட்டு விதியைத் தளர்த்தினார்கள், ஆக இது உங்கள் ஊரிலும் வாக்குச்சீட்டில் வரக்கூடிய விஷயம்.

அப்புறம், அங்கே நீங்கள் வண்டி ஓட்டுகிறவர் என்றால். இருட்டான சாலையில் பின்னால் போலீஸ் விளக்கு வந்தால் உடனே வேகத்தைக் குறையுங்கள், ஹஸார்ட் லைட் போடுங்கள், வலது லேனுக்கு வாருங்கள், வந்திருப்பது நிஜமான போலீஸ்தானா என்று சந்தேகமாக இருந்தால் அவசர எண் 911க்குக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். துரத்தல் உங்கள் பக்கமே வருகிறதென்றால் வலது ஓரமாக நிறுத்துங்கள், பச்சை விழுந்தாலும் சைரன் கேட்கும்போது சந்திப்பைத் தாண்டாதீர்கள். ஓடுகிற கார் போய், ஒரு போலீஸ் கார் போய்விட்டது என்று உடனே கிளம்பிவிடவும் வேண்டாம், பின்னால் இரண்டாவதும் மூன்றாவதும் அதே வேகத்தில் வரும்.