நாயைக் கண்டு அலறும் பிள்ளைக்கு: பார்க்கவிட்டே பயம் தெளிவிக்கும் முறை

"ஒண்ணும் பண்ணாது, தொட்டுப் பாரு" என்று பிள்ளையின் கையைப் பிடித்து நாயிடம் இழுக்காதீர்கள். பயம் கூடத்தான் செய்யும். இன்னொரு பிள்ளை நாயோடு பழகுவதைத் தள்ளி நின்று பார்க்கவிடுங்கள். 1967இல் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூராவும் உடன் ஆய்வாளர்களும் 3 முதல் 5 வயதுப் பிள்ளைகள் 48 பேரிடம் இதைச் சோதித்தார்கள். பயமறியாத 4 வயதுப் பையன் நாயோடு விளையாடுவதை 4 நாட்களில் 8 முறை பார்த்தவர்கள், பார்க்காதவர்களைவிட நாயிடம் துணிந்து நெருங்கினார்கள். ஒரு மாதம் கழித்தும் அந்தத் துணிச்சல் இருந்தது. பலூன், விருந்து என்று கொண்டாட்டமாக நடத்தியதில் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. அதனால் மிட்டாய் ஆசை காட்ட வேண்டியதில்லை.

வெறிநாய்த் தடுப்பூசி போட்ட, மேலே தாவாத, வயதான வீட்டு நாயாகப் பாருங்கள். குட்டி வேண்டாம். துள்ளும், பிறாண்டும், விளையாட்டுக்குக் கடிக்கும். ஒரே துள்ளலில் அத்தனையும் வீணாகிவிடும். தெருநாய் கூடவே கூடாது.

செய்துகாட்டுவது உங்கள் பிள்ளையின் வயதை ஒட்டிய, அந்த நாயோடு பழகிய பிள்ளையாக இருக்கட்டும். பெரியவர் தடவிக் காட்டினால் 'பெரியவங்களால முடியும்' என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். செய்துகாட்டும் பிள்ளைக்கு முன்பே சரியான முறையைச் சொல்லிக்கொடுங்கள், ஏனென்றால் தவறும் பார்க்கும் பிள்ளை மனதில் அப்படியே பதிந்துவிடும். பக்கவாட்டில் நின்று நாய் தானாக வந்து மோந்து பார்க்கும்வரை பொறுக்க வேண்டும். பிறகு நெஞ்சையோ தோளையோ தடவலாம். கழுத்தைக் கட்டிக்கொள்வதும் வாலைப் பிடிப்பதும் கூடாது. நாய் முகத்தைத் திருப்பினாலோ, உடல் விறைத்தாலோ அதற்குப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். உடனே விலக வேண்டும்.

ஒரு தடவைக்கு 3 நிமிடம், நாளுக்கு 2 தடவை போதும். முதல் நாள் நாய் கம்பிக் கதவுக்கு உள்ளே, செய்துகாட்டும் பிள்ளை வெளியே நின்று பேசட்டும். இரண்டாம் நாள் நாயை வளர்ப்பவர் வாரைப் பிடித்திருக்க, அந்தப் பிள்ளை தடவட்டும். மூன்றாம் நாள் வளர்ப்பவரோடு சேர்ந்து நாயை நடத்திக்கொண்டு போகட்டும். நான்காம் நாள் விரித்த உள்ளங்கையில் பிஸ்கட் கொடுக்கட்டும். எவ்வளவு தூரத்தில் நிற்பது என்பதை உங்கள் பிள்ளையே முடிவு செய்யட்டும். முகத்தை மூடிக்கொண்டால் அது எதையும் பார்க்கவில்லை, ஆகவே எதையும் கற்கவுமில்லை. முந்தைய படிக்குத் திரும்புங்கள். "இப்ப நீ தொடு" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். தானாக அருகில் வரும்.

பலரும் கோட்டைவிடுவது இதற்குப் பிறகுதான். ஒரே நாயோடு நிறுத்தினால் 'இந்த நாய் மட்டும் நல்லது' என்று பதிந்துவிடும். வேறு பிள்ளைகள், வேறு நிற, வேறு அளவு நாய்களோடு பழகுவதையும் காட்டுங்கள். பண்டூராவின் 1968 ஆய்வில், பல பிள்ளைகளும் பல நாய்களும் வரும் படத்தைப் பார்த்தவர்களே அதிகம் தேறினார்கள்.

உங்கள் உடல் அசைவுகளையும் கவனியுங்கள். நாய் தென்பட்டதும் பிள்ளையை வெடுக்கென்று தூக்கினால் அதுவும் ஒரு பாடம். ஆய்வகத்தில் வளர்ந்த, பாம்புக்குப் பயப்படாத ரீசஸ் குரங்குகள், பயந்த குரங்குகளைப் பார்த்தே பயத்தைக் கற்றுக்கொண்டதை உளவியலாளர் சூசன் மினெக்கா காட்டியிருக்கிறார்.

பயம் தெளிந்த பிள்ளை எந்த நாயிடமும் ஓடும். வளர்ப்பவரைக் கேட்காமல் தொடக் கூடாது என்பதையும் நீங்களே கேட்டுச் செய்துகாட்டுங்கள். கடியோ கீறலோ பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.