ஆம்ட்ராக்கில் தனியார் பெட்டிப் பயணமா?

அமெரிக்காவின் தேசிய பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக்கின் ரயில்களில், கடைசியில் கோர்க்கும் தனியாருக்குச் சொந்தமான பெட்டியில் போகிறீர்களா? சாப்பாட்டை முதலில் கேட்டு உறுதிசெய்யுங்கள். சிகாகோவிலிருந்து மேற்கே போகும் கலிபோர்னியா செஃபிர் போன்றவை இரண்டு அடுக்கு ரயில்கள். அவற்றில் பெட்டிக்குப் பெட்டி போகும் வழி மேல்தளத்தில். பழைய தனியார் பெட்டிகள் பெரும்பாலும் ஒற்றைத் தளம், கதவு கீழே. அதனால் உணவகப் பெட்டிக்கு நடந்து போக முடியாது.

வாஷிங்டனில் தெற்கே போகும் ரயில்களுக்கு மின்சார இன்ஜினைக் கழற்றி டீசல் மாட்டுவார்கள். இன்ஜின் தரும் 480 வோல்ட் மின்சாரம் அப்போது நிற்கும், ஏசியும் நிற்கும். சின்ன டார்ச் கையில் இருக்கட்டும்.

கடைசிப் பெட்டி பிளாட்பாரத்துக்கு வெளியேயும் நிற்கலாம். ஜல்லியில் இறங்க ஷூ போடுங்கள். பெரிய சூட்கேஸ் வேண்டாம், குறுகிய நடைவழியில் திருப்பவே முடியாது.