பெல்ட் ஃபேனுக்குப் பதில் எலக்ட்ரிக் ஃபேன்: ரிலே வயரிங்கைப் பிழையில்லாமல் செய்வது

மாலை 5 மணிக்குக் கொழும்பில் கொள்ளுப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தைப் பக்கம் காலி வீதியில் ஊர்ந்துபோகும் காரின் எஞ்சின் நிமிடத்துக்கு 700, 800 தரம்தான் சுற்றுகிறது. தண்ணீர்ப் பம்போடு பூட்டிய பெல்ட் ஃபேனும் கிட்டத்தட்ட அந்த வேகத்தில்தான் சுற்றும். காற்று மிகவும் தேவைப்படுகிற நேரத்தில் அது மிகக் குறைவாகக் கிடைக்கிறது. அதிவேகப் பாதையில் காற்று தானாக வந்து அடிக்கும்போதோ ஃபேன் வீணாகச் சுழன்று பெற்றோலைக் குடிக்கிறது. கேஇ70 கொரோல்லா, டிஎக்ஸ் வேகன் போன்ற பழைய வண்டிகளுக்கு எலக்ட்ரிக் ஃபேன் போடச் சொல்வது இதனால்தான்.

ஃபேனைப் பூட்டுவது அரை நாள் வேலை. பிறகு வண்டியை நடுத்தெருவில் நிறுத்துவது வயரிங்தான். 10 ஆம்பியரைச் சுமக்கும் பாதை வேறு, ஃபேனுக்கு ஓடு, நில் என்று சொல்லும் பாதை வேறு. இரண்டையும் ஒரே வயரில், ஒரே சுவிச்சில் போட்டால் மூன்று மாதத்தில் ஏதாவது ஒன்று உருகும். இரண்டையும் பிரித்து வைப்பது ரிலே, சின்ன மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைப் போட்டு அணைக்கும் சுவிச்.

எஞ்சின் கம்பியூட்டரே ஃபேனைக் கட்டுப்படுத்தும் புதிய வண்டிகளுக்கு இந்த முறை வேண்டாம். அவற்றில் மூல ரிலேயையும் சென்சரையும் திருத்துவதே சரி.

ஃபேனைத் தெரிவு செய்தல்

பஞ்சிகாவத்தையில் ரீகண்டிஷன் ஃபேன்கள் குவியலாகக் கிடைக்கும். 1300 சிசி எஞ்சினுக்கு ஏசி இல்லையென்றால் 12 அங்குலம் போதும், ஏசி இருந்தால் 14 அங்குலம் எடுங்கள். வாங்கும் இடத்திலேயே ஒரு பற்றரியில் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். நல்ல 12 அங்குல ஃபேன் சீராக ஓடும்போது 7 முதல் 10 ஆம்பியர் இழுக்கும். டிசி அளக்கும் கிளாம்ப் மீற்றர் 14, 15 காட்டினால் உள்ளே புஷ் (தண்டைத் தாங்கும் வளையம்) இறுகியிருக்கலாம். விலை எவ்வளவு குறைந்தாலும் அதை எடுக்க வேண்டாம். தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருக்கக் கூடாது.

எஞ்சின் பக்கம் பூட்டினால் காற்றை இழுக்க வேண்டும், முன் கிரில் பக்கம் பூட்டினால் தள்ள வேண்டும். இரண்டு வயரையும் மாற்றிக் கொடுத்தால் ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றும். ஆனால் இறகின் வளைவு ஒரு பக்கத்துக்காகவே செய்யப்பட்டது, எதிராகச் சுற்றினால் காற்று வெகுவாகக் குறையும். ஆகவே எஞ்சின் பக்கம் பூட்டுவதற்கு இழுக்கும் ஃபேனையே தேடி வாங்குங்கள்.

பெல்ட் ஃபேனைக் கழற்றும்போது ஒரு பொறி இருக்கிறது. பல பழைய எஞ்சின்களில் ஃபேனையும் புலியையும் (பெல்ட் ஓடும் சில்லு) ஒரே நான்கு போல்ட்கள்தான் பிடித்திருக்கும். ஃபேன் போனதும் அதே போல்ட்கள் நீளம் கூடி, அடியில் முட்டி, இறுகியது போலத் தோன்றும். புலி ஆடிக்கொண்டேயிருக்கும். குட்டைப் போல்ட் போடுங்கள், இல்லாவிட்டால் ஃபேன் தடிப்புக்கு வொஷர் கொடுங்கள்.

ரேடியேற்றர் தகடுகளுக்கூடாகப் பிளாஸ்ரிக் டை குத்தி ஃபேனைக் கட்டும் வழக்கம் ஒன்று உண்டு. அதிர்வில் அந்த டை குழாயை அரைத்து ஓட்டை போடும். இரண்டு தட்டை இரும்புப் பட்டிகளை ரேடியேற்றரின் பக்கச் சட்டங்களில் பூட்டி, அவற்றில் ஃபேனை ஏற்றுங்கள். இறகுக்கும் தகட்டுக்கும் இடையில் 10 மில்லிமீற்றராவது விடுங்கள்.

சாமான்கள்

40 ஆம்பியர் நாலு கால் ரிலே 2, அவற்றின் சொக்கற்றுடன் (ஏசி இல்லையென்றால் 1 போதும்). வயரோடு வரும் பிளேட் பியூஸ் ஹோல்டர் 2, பியூஸ் 20 ஆம்பியரில் ஒன்று, 3 ஆம்பியரில் ஒன்று, இரண்டிலும் மேலதிகமாக ஒவ்வொன்று. 4 சதுர மில்லிமீற்றர் வயர் சிவப்பு 2 மீற்றர், கறுப்பு 1 மீற்றர். 1 சதுர மில்லிமீற்றர் வயர் இரண்டு நிறங்களில் மும்மூன்று மீற்றர். வளையத் தலைகள், 6.3 மில்லிமீற்றர் தட்டைத் தலைகள், சூட்டில் சுருங்கும் குழாய், வயருக்கு மேல் போடும் கறுப்பு நெளிகுழாய். தேர்மோ சுவிச் (குறித்த சூட்டில் தானாகப் போட்டு அணைக்கும் சுவிச்) ஒன்று.

வயரில் ஏமாற வேண்டாம். நுனியைக் கத்தியால் சுரண்டுங்கள். செம்பு நிறம் போய் உள்ளே வெள்ளை தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். வீட்டு வயரிங்குக்குப் போடும் ஒற்றைக் கம்பியும் வேண்டாம், அதிர்வில் ஒருநாள் முறியும்.

தடிப்பு ஏன் முக்கியம்? 3 மீற்றர் நீளமான 1 சதுர மில்லிமீற்றர் வயரில் 10 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே அரை வோல்ட் போய்விடும். 4 சதுர மில்லிமீற்றரில் போவது 0.13 வோல்ட்தான்.

இணைப்பு

முதலில் பற்றரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள்.

ரிலேயின் அடியில் எண்கள் பொறித்திருக்கும். 85, 86 சுருளின் இரு முனைகள். மீற்றரில் அவற்றுக்கிடையே 60 முதல் 100 ஓம் வரை காட்ட வேண்டும். 30க்கும் 87க்கும் இடையில்தான் பெரிய மின்னோட்டம் போகும்.

பற்றரி பொசிட்டிவிலிருந்து சிவப்புத் தடி வயர், 15 சென்ரிமீற்றருக்குள் 20 ஆம்பியர் பியூஸ், அங்கிருந்து 30. பியூஸ் காப்பாற்றுவது ஃபேனை அல்ல, வயரை. பற்றரிக்கும் பியூஸுக்கும் இடையில் உள்ள துண்டு உரசித் தகரத்தில் தொட்டால் தடுக்க எதுவுமில்லை என்பதால்தான் அது அவ்வளவு குட்டையாக இருக்க வேண்டும். ஃபேன் புறப்படும் கணத்தில் இரண்டு மூன்று மடங்கு இழுக்கும். 10 ஆம்பியர் ஃபேனுக்கு 15இல் பியூஸ் போட்டால் அன்றைக்கு ஓடும், சில மாதங்களில் களைத்து அறும்.

87 ஃபேனின் பொசிட்டிவுக்கு. ஃபேனின் கறுப்பு வயர் எர்த்துக்கு. ரேடியேற்றரைத் தாங்கும் பொடிச் சட்டத்தில் ஒரு போல்ட் இடத்தைத் தெரிந்து, பெயின்ற்றை வெள்ளைத் தகரம் தெரியுமட்டும் சுரண்டி, பல்லுள்ள வொஷரோடு இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். கடற்காற்று அடிக்கும் ஊர் இது. பூசாத எர்த் ஒரு மழைக்காலத்தில் பச்சை பிடிக்கும்.

86 திறப்பைப் போட்டதும் மின் வரும் வயருக்கு, 3 ஆம்பியர் பியூஸ் வழியாக. 85 தேர்மோ சுவிச்சுக்கு, சுவிச்சின் மறு முனை எர்த்துக்கு. சுருள் இழுப்பது 0.15, 0.2 ஆம்பியர்தான். திறப்புச் சுவிச்சுக்கும் தேர்மோ சுவிச்சுக்கும் அது ஒரு பாரமே இல்லை.

ஐந்து கால் ரிலே கிடைத்தால் நடுவில் 87ஏ என்று ஒரு கால் இருக்கும். ஃபேனை அதில் பூட்டினால் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஓடும், சூடானதும் நிற்கும். நடுக்காலை வெறுமனே விடுங்கள்.

86ஐ நேரே பற்றரியில் கொடுத்து, வண்டியை நிறுத்திய பிறகும் ஃபேன் ஓடவிடுவோர் உண்டு. எஞ்சின் நின்றால் தண்ணீர்ப் பம்பும் நிற்கும், ரேடியேற்றரில் தேங்கிய தண்ணீர் மட்டும்தான் ஆறும். அந்தச் சின்ன நன்மைக்காகப் பழைய பற்றரியை வடியவிடுவதில் அர்த்தமில்லை. திறப்பில் கொடுப்பதே நல்லது.

ஏசிக்கு இரண்டாவது ரிலே

ஏசி ஓடும்போது எஞ்சின் சூடு எதுவாக இருந்தாலும் ஃபேன் ஓட வேண்டும். அதற்கு இரண்டாவது ரிலேயின் 86ஐக் கொம்பிரசர் கிளச் வயரிலும் 85ஐ எர்த்திலும் கொடுங்கள். அதன் 30 எர்த்துக்கு. அதன் 87 முதல் ரிலேயின் 85க்கு, அதாவது தேர்மோ சுவிச் வயர் சேரும் அதே புள்ளிக்கு. இப்போது சூடோ ஏசியோ எது கூப்பிட்டாலும் ஃபேன் வரும், ஒன்றின் மின் மற்றதற்குள் போகாது. கிளச் வயரை நேரே ஃபேனோடு முறுக்கிவிடும் குறுக்குவழியில் 10 ஆம்பியரும் ஏசி சுவிச்சுக்கூடாகப் போகும். உருகிய ஏசி சுவிச்சுகள் பலவற்றின் வரலாறு அதுதான்.

ஆல்டனேற்றர் கணக்கையும் இங்கே பாருங்கள். மழை பெய்யும் மாலை: ஹெட்லைற் 9 ஆம்பியர், வைப்பர் 4, ஏசி புளோவர் 10, கிளச் 4, இக்னிஷன் 4, ஃபேன் 10. கூட்டினால் 41. பழைய வண்டியின் 45 ஆம்பியர் ஆல்டனேற்றர் அந்த 45ஐத் தருவது எஞ்சின் நன்றாகச் சுற்றும்போதுதான், ஐடிலில் பாதி வந்தாலே பெரிது. மீதி பற்றரியிலிருந்து போகும், வோல்ட் இறங்கும், ஃபேன் தளரும். பெரிய ஃபேன் போட்டால் இது இன்னும் மோசமாகும். 16 அங்குலத்தைக் கண்டு ஆசைப்பட வேண்டாம். ஏசி போட்டதும் ஐடிலை ஏற்றும் அமைப்பு வேலை செய்கிறதா என்று முதலில் பாருங்கள்.

தேர்மோ சுவிச்

எஞ்சினில் உள்ள தேர்மோஸ்டற் (தண்ணீர் சூடானதும் ரேடியேற்றருக்கு வழி திறக்கும் வால்வு) 82 பாகையில் திறப்பதாக வைத்துக்கொள்வோம். மேல் ஹோஸில் பூட்டும் சுவிச் 92, 95இல் போட்டு 87, 90இல் அணைப்பதாக இருக்க வேண்டும். 82க்குக் கீழே அணைக்கும் சுவிச்சைப் போட்டால் ஃபேன் நிற்கவே நிற்காது. ரேடியேற்றரின் கீழ்த்தொட்டியில் பூட்டினால் அங்கே வருவது ஆறிய தண்ணீர், சுவிச்சும் சில பாகை குறைவாக இருக்க வேண்டும்.

ரேடியேற்றரில் சுவிச் பூட்டும் புரி இல்லையென்றால் மேல் ஹோஸை வெட்டி இடையில் ஒரு அலுமினியத் துண்டு போட்டு அதில் சுவிச்சைப் பூட்டலாம். ஒற்றைக் கால் சுவிச் தன் உடம்பு வழியாகத்தான் எர்த் எடுக்கும். அந்தத் துண்டின் இரு பக்கமும் றப்பர், எர்த் எங்கிருந்து வரும்? துண்டைச் சுற்றிக் கிளிப் போட்டு எர்த் வயர் ஒன்று இழுக்க வேண்டும், அல்லது இரண்டு கால் சுவிச் வாங்க வேண்டும். ஒற்றைக் கால் சுவிச்சின் புரியில் தெஃப்லோன் டேப் சுற்றினாலும் இதே கதைதான்.

பூட்டும் முன் சோதியுங்கள். ஒரு சட்டியில் தண்ணீர், அதில் நூலில் தொங்கவிட்ட சுவிச், பக்கத்தில் வெப்பமானி, கால்களில் மீற்றர். எந்தப் பாகையில் மீற்றர் சத்தமிடுகிறது, ஆறும்போது எதில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கொழும்பில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும், வெப்பமானி சரியா என்பதற்கும் அதுவே சோதனை. நுவரெலியாவில் 94 அளவிலேயே கொதித்துவிடும், அங்கே செய்து பார்ப்பவர்கள் குழம்ப வேண்டாம்.

டபிள்யூ 1209 என்ற, சூட்டை அளந்து தன் ரிலேயைப் போடும் சின்ன டிஜிட்டல் பலகையும் மலிவாகக் கிடைக்கும். அதன் ரிலேயில் நேரே ஃபேனைக் கொடுக்காதீர்கள். அதன் இரண்டு தொடர்பு முனைகளையும் தேர்மோ சுவிச் இருக்கும் இடத்தில், 85க்கும் எர்த்துக்கும் இடையில், வைப்பதோடு நிறுத்துங்கள். பி0 அமைப்பில் குளிர்விக்கும் முறை, பி1இல் 5 பாகை இடைவெளி. அது நனையக் கூடாத பலகை, டாஷ்போர்ட்டுக்குள் வையுங்கள், சென்சர் வயர் மட்டும் பொனட்டுக்குள் வரட்டும்.

ஓட்டிப் பார்த்தல், பிழை பிடித்தல்

பற்றரியைப் பூட்டி, திறப்பைப் போட்டு, 85ஐ ஒரு துண்டு வயரால் எர்த்தில் தொடுங்கள். ரிலே டக் என்று அடித்து ஃபேன் ஓட வேண்டும். ஒரு தாளைக் கிரில் பக்கம் ரேடியேற்றரில் வையுங்கள், ஒட்டிக்கொண்டால் திசை சரி.

டக் சத்தமே இல்லையென்றால் 86இல் மின் வருகிறதா, 3 ஆம்பியர் பியூஸ் இருக்கிறதா என்று பாருங்கள். சத்தம் வந்தும் ஃபேன் ஓடாவிட்டால் 30இல் 12 வோல்ட், பிறகு 87இல், பிறகு ஃபேனின் பிளக்கில் என்று வரிசையாகப் போங்கள். ஃபேன் சோம்பலாக ஓடினால், ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபேனின் கறுப்பு வயருக்கும் பற்றரி நெகட்டிவுக்கும் இடையில் அளந்து பாருங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பிழை. சிவப்புப் பக்கமும் இதே அளவீடு, அங்கே 0.3 வரை பொறுக்கலாம்.

கையால் தொட்டால் ஓடுகிறது, எஞ்சின் கொதித்தும் தானாக வரவில்லை என்றால் உடனே சுவிச்சைக் குற்றம் சொல்லாதீர்கள். மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். கேஜ் உச்சியில் இருக்க ஹோஸ் குளிர்ந்திருந்தால் தேர்மோஸ்டற் திறக்கவில்லை, சூடான தண்ணீர் சுவிச்சை வந்து சேரவேயில்லை. ஹோஸில் காற்று அடைத்திருந்தாலும் இப்படித்தான். சுவிச் தண்ணீரில் அல்ல, காற்றில் நிற்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து, ஐடிலில் ஓடவிட்டு, குமிழி நிற்கும் வரை கூலன்ற் விடுங்கள். சூட்டில் மூடியைத் தொடக் கூடாது.

ரிலேயைக் கால்கள் கீழே பார்க்கத் தொங்கவிடுங்கள். சொக்கற்றுக்கு வரும் வயர்கள் ஒருதரம் கீழே தாழ்ந்து பிறகு ஏறட்டும், வழியும் தண்ணீர் அந்தத் தாழ்விலேயே சொட்டிவிடும். வெள்ளம் நிற்கும் தெருவில் இறங்குமுன் ஏசியை அணையுங்கள். சுற்றும் இறகு தண்ணீரில் அடித்தால் முன்னே வளைந்து ரேடியேற்றரை உழுதுவிடும்.

முதல் வாரத்தில் ஒருநாள் அரை மணி நேரம் ஃபேன் ஓடிய பின் 20 ஆம்பியர் பியூஸ் ஹோல்டரை விரலால் பிடித்துப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. பிடித்திருக்க முடியாத சூடு என்றால் உள்ளே தலை தளர்ந்திருக்கிறது. பியூஸை மாற்றிப் பயனில்லை, தலையை வெட்டிப் புதிதாக நெருக்கிப் போடுங்கள்.