விடுதிப் பிள்ளை தண்ணீர் குடிக்கிறாளா?

மாலைப் படிப்பு நேரத்தில் தலையிடிக்கிறது என்று ஒரு பிள்ளை அடிக்கடி சொன்னால், படிப்பில் விருப்பமில்லை என்று முடிவுகட்டாதீர்கள். முதலில் அன்று எவ்வளவு தண்ணீர் குடித்தாள் என்று கேளுங்கள்.

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்து வெயிலில் நாள் முழுக்க இருந்தும் பல பெண் பிள்ளைகள் வேண்டுமென்றே தண்ணீரைக் குறைக்கிறார்கள். இருட்டில் மலசலகூடத்துக்குத் தனியே போகப் பயம், அல்லது அங்கே கதவு சரியாகப் பூட்டாது. உடலில் நீர் குறைந்தால் தலையிடியும் சோர்வும் வரும், கவனம் சிதறும். சலத்தை அடக்கி வைப்பதால் கிருமித் தொற்றும் வரலாம். மாதவிடாய் நாட்களில் பாடு இன்னும் மோசம்.

பொறுப்பாசிரியர்களே, போகும் வழிக்கு ஒரு மின்குமிழ், கதவுக்கு நல்ல கொண்டி, மூடியுள்ள குப்பைவாளி, இவற்றை இந்தக் கிழமையே செய்யுங்கள். இரவில் துணைக்குப் போக ஒரு பெரிய வகுப்பு அக்காவை விடுங்கள். மாதவிடாய்த் துவாய் எங்கே இருக்கிறது என்பதைப் பிள்ளை கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

அம்மாமார் தொலைபேசியில் "சாப்பிட்டியா" என்பதோடு "தண்ணி குடிச்சியா" என்றும் கேட்கலாம். பயத்துக்கு வேறு காரணம் இருப்பதாகத் தெரிந்தால் 1929, சிறுவர் உதவி இலக்கம், கட்டணம் இல்லை.