டர்பன் வீட்டில் மண்புழு உரம்: ஏப்ரலில் தொடங்குங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மண்புழு உரம் தயாரிக்க நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, ஏப்ரல் வரை பொறுங்கள். அப்போது கோடை வெக்கை அடங்கியிருக்கும். நம் ஊர்க் குளிர் புழுவைக் கொல்லாது. நான்கு மாதத்தில் உரம் கிடைத்துவிடும். செப்டம்பரில் வெண்டையும் கத்தரியும் நடும்போது கையில் இருக்கும்.

தமிழ்நாட்டுக் குறிப்புகளில் வரும் மாதத்தையும் திசையையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பூமியின் தென்பாதியில் இருப்பதால் இங்கே பருவங்கள் தலைகீழ், வெயில் வடக்கிலிருந்து சாய்கிறது. அதனால் தொட்டியை நிழல் விழும் தெற்குச் சுவரோரம், மழை படாத இடத்தில் வையுங்கள்.

மூடியுள்ள 40 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா ஒன்று போதும். அடியில் வடிகால் துளைகள், மேல்பக்கம் சுற்றிலும் காற்றுத் துளைகள். செங்கல்லின் மேல் ஏற்றி, கீழே ஒரு தட்டு வையுங்கள்.

கிழித்த செய்தித்தாள், தேங்காய் நார்க்கழிவு, காய்ந்த இலை, இரண்டு கைப்பிடி தோட்ட மண் எல்லாவற்றையும் கலந்து பாதி டப்பா நிரப்புங்கள். தண்ணீர் தெளித்துப் பிசைந்து, ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் ஓரிரு சொட்டுத்தான் வடிய வேண்டும். இரண்டு நாள் அப்படியே விடுங்கள்.

அப்புறம் புழு. தோட்டத்தில் தோண்டியெடுப்பது வேண்டாம், அது டப்பாவில் தங்காது. ஐசீனியா ஃபெட்டிடா என்னும் சிவப்புப் புழு அரை கிலோ வாங்குங்கள். மேலே பரப்பினால் தானே உள்ளே இறங்கும். முதல் இரவு பக்கத்தில் விளக்கு எரியட்டும். வெளிச்சத்துக்குப் பயந்து வெளியே ஏறாது.

தீனிதான் கவனமாக இருக்க வேண்டிய இடம். என் முதல் டப்பாவை டிசம்பரில் தொடங்கினேன். பசிக்குமே என்று தினமும் சமையலறைக் கழிவு முழுவதையும் கொட்டினேன். தின்று தீராதது அழுகிச் சூடேறி, ஒரு வாரத்தில் அத்தனையும் செத்துப்போயின. இன்றும் நினைத்தால் மனம் கனக்கிறது. அதனால் முதல் இரண்டு வாரம் மூன்று நாளுக்கு ஒரு கைப்பிடி மட்டும் போடுங்கள். போட்டது மறைந்த பிறகே அடுத்தது. நன்றாகப் பெருகிய பின்னும், புழுக்களின் எடையில் பாதிக்கு மேல் ஒரு நாளில் தின்னாது.

வாழைத்தோல், பூசணித்தோல், ரூய்போஸ் என்னும் உள்ளூர் மூலிகைத் தேநீரின் சக்கை, பொடித்த முட்டை ஓடு நல்லவை. மிஞ்சிய கறி, மசாலா, எண்ணெய், இறைச்சி, எலுமிச்சை வேண்டாம். நம் சமையலில் வெங்காயத்தோல் நிறைய விழும். அதையும் தள்ளி வையுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு மூலையில் புதைத்து மூடுங்கள். நாற்றம் வந்தால் தீனியை நிறுத்தி, காய்ந்த காகிதம் கலந்தால் சரியாகிவிடும்.

15 முதல் 25 டிகிரி வரை புழுவுக்குச் சுகம். ஜனவரியில் 30-ஐத் தாண்டும் நாட்களில், உறையவைத்த தண்ணீர்ப் பாட்டில் ஒன்றை உள்ளே மேலாக வையுங்கள்.

அடியெல்லாம் கறுத்து, காப்பித்தூள் போல உதிர்ந்தால் உரம் தயார். எல்லாவற்றையும் ஒரு பக்கமாக ஒதுக்கி, மறுபக்கம் முதலில் போட்ட அதே கலவையைப் புதிதாகப் போட்டு அங்கே மட்டும் தீனி வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலான புழு அங்கே போய்விடும். பிறகு உரத்தை அள்ளலாம். மடும்பி என்று இங்கே சொல்லும் சேப்பங்கிழங்கு நடும் குழிக்கு இரண்டு கைப்பிடி, கறிவேப்பிலைத் தொட்டிக்கு ஒன்று. அள்ளும்போது எலுமிச்சை விதை வடிவில் மஞ்சளாகச் சின்னச் சின்ன உருண்டைகள் கண்ணில் படும். அவை புழுக்கூடுகள், பொறுக்கித் திரும்ப டப்பாவில் போட்டுவிடுங்கள்.