சீனப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில ஆசிரியர் வேலை: ஒப்புக்கொள்வதற்கு முன்பும் போய் இறங்கிய பின்பும்

சீனப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து ஆங்கிலம் கற்பிக்க அழைப்பு வந்தவுடன் பெரும்பாலானோர் முதலில் சம்பளத்தைப் பார்க்கிறார்கள். அதற்கு முன்பு தம் கடவுச்சீட்டைப் பார்ப்பது நல்லது. அயல்மொழி ஆசிரியராக வேலை அனுமதி பெறுபவர் தம் தாய்மொழியையே கற்பிக்க வேண்டும், இளங்கலைப் பட்டமேனும் பெற்றிருக்க வேண்டும், இரண்டு ஆண்டு அனுபவம் உடையவராக இருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. கல்வியியலிலோ மொழியிலோ பட்டம் பெற்றவருக்கும், டெஃபல் போன்ற, ஆங்கிலம் கற்பிப்பதற்கான பயிற்சிச் சான்றிதழ் வைத்திருப்பவருக்கும் அனுபவ நிபந்தனை தளர்த்தப்படுகிறது. தாய்மொழி எது என்பதை அதிகாரிகள் பெரும்பாலும் கடவுச்சீட்டை வைத்தே தீர்மானிக்கிறார்கள். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளின் கடவுச்சீட்டு இருந்தால் வழி எளிது. ஆகவே கனடாவின் ஸ்கார்பரோவில் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கும் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிறந்த தமிழருக்கும் திறக்கும் கதவு, சென்னையில் ஆங்கில இலக்கியம் படித்துப் பத்தாண்டு கல்லூரியில் பாடம் நடத்தியவருக்குத் திறக்காமல் போகலாம். இது நியாயமா என்று கேட்டால் இல்லை என்பதே என் பதில். ஆனால் விண்ணப்பத்தைப் பரிசீலிப்பவரிடம் அந்த வாதம் எடுபடாது.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உடையவர்களுக்கு வேறொரு வழி உண்டு. மொழி ஆசிரியராக இல்லாமல், முனைவர் பட்டத்தின் பலத்தில் ஒரு துறையின் விரிவுரையாளராகப் போகிறவருக்குத் தாய்மொழி விதி பொருந்துவதில்லை. 2017 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் நடைமுறையில் உள்ள, அயல்நாட்டுப் பணியாளர்களுக்கான ஏ, பி, சி என்ற வகைப்பாட்டில் கல்வித் தகுதி, அனுபவம், சம்பளம், சீனமொழி அறிவு, வயது ஆகியவற்றுக்குப் புள்ளிகள் தரப்படுகின்றன. 60 புள்ளி எடுத்தால் பி வகை, 85 எடுத்தால் அதைவிட உயர்ந்த ஏ வகை. மொழியியல், பொறியியல், ஆங்கில வழி எம்.பி.பி.எஸ். பாடங்கள் போன்றவற்றை நடத்த இவ்வழியில் முயலலாம். வயது 60ஐ நெருங்கியவர்கள், அனுமதி கிடைக்குமா என்பதை நேர்காணலுக்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

எவராக இருந்தாலும், "இப்போதைக்கு வணிக விசாவில் வாருங்கள், வந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்லும் முகவரோடு பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளுங்கள். வேலைக்கு உரியது இசட் விசா மட்டுமே. சுற்றுலா விசாவிலோ வணிக விசாவிலோ பாடம் நடத்துவது சட்டவிரோதம். 2013 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் குடிவரவுச் சட்டத்தின்படி இதற்கு 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம் உண்டு. குற்றம் கடுமையானது என்று கருதப்பட்டால் 5 முதல் 15 நாள் வரை காவலில் வைக்கலாம். இசட் விசா தருவதாகச் சொன்னாலும் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். விசாவுக்கு முன்பு உங்களுக்கு அனுப்பப்படும் வேலை அனுமதி அறிவிப்பில் இருக்கும் நிறுவனத்தின் பெயரும், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நிறுவனத்தின் பெயரும், நீங்கள் உண்மையில் பாடம் நடத்தப்போகும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் பெயரைக் காட்டி ஆளெடுத்து, அனுமதியை வேறு நகரத்துப் பயிற்சி நிறுவனத்தின் பெயரில் வாங்கும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். நாளை சோதனை வந்தால் அகப்பட்டுக்கொள்பவர் ஆசிரியர்தான். வார இறுதியில் வெளியே டியூஷன் எடுத்துச் சம்பாதிக்கலாம் என்ற ஆசை வார்த்தைக்கும் இதே பதில்: அனுமதி ஒரே நிறுவனத்துக்கானது.

இனிச் சம்பளம். அரசுப் பல்கலைக்கழகங்கள் மொழி ஆசிரியருக்குப் பெரும்பாலும் 7,000 முதல் 10,000 யுவான் வரை தருகின்றன; வளாகத்திலேயே வீடும், விமானக் கட்டணத்துக்கு ஒரு தொகையும் சேரும். நிங்போவில் 2004இல் தொடங்கிய நாட்டிங்காம் பல்கலைக்கழக வளாகம், சுஜோவில் 2006இல் தொடங்கிய சியான் ஜியாவோதொங்–லிவர்பூல் பல்கலைக்கழகம் போன்ற கூட்டு நிறுவனங்கள் இதைவிட மிக அதிகம் தருகின்றன, ஆனால் துறை சார்ந்த முதுகலைப் பட்டமும் அனுபவமும் கேட்கின்றன. அழைப்பில் உள்ள மாதத் தொகையைவிட ஆண்டுக்கு எத்தனை மாதம் என்பதே முக்கியம். மாதம் 8,000 வீதம் பத்து மாதம் தரும் ஒப்பந்தத்தில் கிடைப்பது 80,000. மாதம் 7,000 வீதம் பன்னிரண்டு மாதம் தரும் ஒப்பந்தத்தில் கிடைப்பது 84,000. வசந்த விழாவை, அதாவது சீனப் புத்தாண்டை, ஒட்டிய குளிர்கால விடுமுறைக்கும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களுக்கும் சம்பளம் உண்டா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வரி பெரிய சுமையாக இராது. மாதம் 5,000 யுவானுக்கு வரிவிலக்கு இருப்பதால், 8,000 வாங்குபவர் மிச்சமுள்ள 3,000க்கு 3 விழுக்காடு, அதாவது 90 யுவான் கட்டுவார். சமூகக் காப்பீட்டுக்குப் பிடித்தம் செய்யும் நகரங்களில் இன்னும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு போகும். அதில் ஓய்வூதியக் கணக்கில் சேரும் தொகையை நாட்டைவிட்டு வெளியேறும்போது திரும்பப் பெறலாம். 8,000 யுவான் இந்திய ரூபாயில் ஏறத்தாழ ஒரு லட்சம், கனடிய டாலரில் ஏறத்தாழ 1,500. வளாகத்தில் தனியாக வாழ்பவருக்கு அதில் பாதிகூட மிஞ்சும். ஆனால் டொராண்டோவில் வீட்டுக் கடன் கட்டுபவருக்கோ, மாணவர் கடன் நிலுவையில் உள்ளவருக்கோ இந்த வேலை ஒத்துவராது. குடும்பத்தோடு போக நினைப்பவர்கள் மேலும் யோசிக்க வேண்டும்: உங்களைச் சார்ந்து வரும் துணைவருக்கு வேலை செய்யும் உரிமை இல்லை, பெருநகரங்களின் பன்னாட்டுப் பள்ளிக் கட்டணம் ஒரு குழந்தைக்கே உங்கள் ஆண்டுச் சம்பளத்தைத் தாண்டக்கூடும்.

குறைந்த சம்பளத்துக்கு ஈடாகக் கிடைப்பது நேரம். வாரத்துக்கு 14 முதல் 18 பாடவேளை என்பது வழக்கமான சுமை. ஒரு பாடவேளை 45 நிமிடம், இரண்டிரண்டாகச் சேர்த்து நடத்துவார்கள். பதினாறு பாடவேளை என்றால் எட்டு வகுப்புகள். ஒவ்வொன்றும் வாரத்தில் ஒரு முறைதான் வரும். முதலாண்டு மாணவர்களுக்குப் பேச்சு ஆங்கிலம் எடுக்கும் ஆசிரியர் ஒரே பாடத்தைத் திங்கள் காலையில் தொடங்கி வெள்ளி வரை எட்டு முறை நடத்துவார். தயாரிப்பு வேலை குறைவு என்பது உண்மைதான். ஆனால் வகுப்புக்கு 40 பேர் என்றால் 320 பேர். பருவ இறுதியில் ஒவ்வொருவரையும் ஐந்து நிமிடம் பேசவிட்டு மதிப்பெண் போடவே இருபத்தேழு மணி நேரம் ஆகும். அந்த வாரம் தொண்டை போய்விடும். மிளகும் தேனும் கைவசம் இருக்கட்டும். மாணவர்கள் இலக்கணத்தில் தேர்ந்தவர்கள். பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வின் நான்காம், ஆறாம் நிலைகளுக்காகச் சொல் பட்டியல்களை மனப்பாடம் செய்வார்கள். ஆனால் நாற்பது பேர் முன்னிலையில் வாய் திறக்கக் கூச்சப்படுவார்கள். கேள்வியைப் பொதுவாக வீசினால் மௌனமே பதிலாக வரும். முதலில் இருவர் இருவராகப் பேசவிட்டுப் பிறகு கேட்டால் வகுப்பு உயிர்பெறும். தைவான், திபெத், சின்ஜியாங் போன்ற அரசியல் விவகாரங்களையும் மதப் பிரசாரத்தையும் வகுப்பறைக்குள் கொண்டுவரக் கூடாது என்பதை அழைப்பை ஏற்கும்போதே ஏற்றுக்கொண்டதாகக் கருதுங்கள். இது மனத்துக்கு ஒவ்வாது என்று தோன்றினால் போகாமல் இருப்பதே நேர்மை.

மிஞ்சும் நேரத்தில் சீனம் கற்பதா, தொலைவழியில் முதுகலை முடிப்பதா, ஊர் சுற்றுவதா என்று முன்கூட்டியே ஒரு திட்டம் இருப்பவருக்கே இந்த வேலையைப் பரிந்துரைப்பேன். பணம் சேர்ப்பது மட்டுமே நோக்கம் என்றால் வேறு இடம் தேடலாம். ஒரு காலத்தில் அதிகச் சம்பளம் தந்த தனியார் பயிற்சி மையங்கள், பள்ளிக் குழந்தைகளின் கூடுதல் வகுப்புகளுக்கு 2021 ஜூலையில் வந்த கட்டுப்பாட்டுக்குப் பின் பெருமளவு மூடப்பட்டுவிட்டன என்பதையும் நினைவில் வையுங்கள்.

எந்த ஊர் என்பதை வரைபடத்தில் பார்க்கும்போது சின்லிங் மலைத்தொடரையும் ஹுவாய் ஆற்றையும் தேடுங்கள். அந்தக் கோட்டுக்கு வடக்கே குளிர்காலத்தில் கட்டடங்களுக்கு நகரமே மையச் சூடேற்ற வசதி தருகிறது. தெற்கே பொதுவாக இல்லை. ஆகையால் வெளியே உறைபனிக்கு இருபது பாகைக்கும் கீழே போகும் ஹார்பினில் வீட்டுக்குள் மெல்லிய சட்டையோடு இருக்கலாம். தெற்கிலுள்ள ஊஹானிலும் சாங்ஷாவிலும் ஜனவரியில் வகுப்பறைக்குள்ளேயே கோட்டுப் போட்டுக்கொண்டு கரும்பலகையில் எழுத வேண்டியிருக்கும். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் "தெற்கு" என்ற சொல்லை நம்பி ஏமாறுவது இங்கேதான்.

ஒப்புக்கொண்ட பிறகு பட்டச் சான்றிதழ், காவல்துறை நன்னடத்தைச் சான்று, மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றுக்கு அலைய வேண்டியிருக்கும். 2023 நவம்பர் 7 முதல் சீனா, அயல்நாட்டு ஆவணங்களை ஒரே சான்றுறுதியோடு ஏற்கும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருக்கிறது, கனடாவில் அது 2024 ஜனவரி 11 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே கனடிய ஆவணங்களுக்குச் சீனத் தூதரகத்தின் தனி முத்திரை தேவைப்படுவதில்லை. இந்தியாவில் பெற்ற பட்டமாக இருந்தால் எந்தச் சான்றுறுதி வேண்டும் என்பதைத் தூதரகத்திடமே கேட்டுச் செய்யுங்கள். முகவர் சொல்வதை நம்பிச் செலவு செய்ய வேண்டாம்.

போய் இறங்கிய 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தங்குமிடத்தைப் பதிவு செய்ய வேண்டும். 30 நாளுக்குள் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் அயல்நாட்டு விவகார அலுவலகம், ஆசிரியர்கள் வாயில் வைபான், இவற்றுக்குக் கூடவே ஆள் அனுப்பும். அந்த ஊழியரோடு நல்லுறவு வைத்திருப்பது எல்லாவற்றையும்விடப் பெரிய வசதி. அனுமதி அச்சாகும் வரை கடவுச்சீட்டு உங்கள் கையில் இருக்காது என்பதால், அக்டோபர் முதல் வார விடுமுறைக்கு வெளியூர்ப் பயணம் திட்டமிடும்போது அதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

தமிழர்களுக்கு ஒரு தனிச் சிக்கல், பெயர். தந்தை பெயரைக் குடும்பப் பெயராக எழுதியவர்களும், குடும்பப் பெயர்க் கட்டத்தையே காலியாக விட்டவர்களும் நம்மில் ஏராளம். சிம் கார்டு, வங்கிக் கணக்கு, வேலை அனுமதி மூன்றிலும் பெயர் கடவுச்சீட்டில் உள்ள அதே வரிசையில், அதே இடைவெளியோடு பதிவாக வேண்டும். ஒன்று பிசகினாலும், கைபேசியில் பணம் கொடுக்க உதவும் செயலிகளான அலிபேயும் வீசாட்டும் கணக்கை ஏற்க மறுக்கும். அவையின்றிச் சாப்பாட்டுக் கடையில் பணம் கொடுப்பதே பாடாகிவிடும். வங்கி ஊழியர் தட்டச்சு செய்யும்போதே திரையைக் காட்டச் சொல்லிச் சரிபார்ப்பதில் கூச்சப்பட வேண்டாம்.

வீட்டோடு பேசும் வழியையும் கிளம்பும் முன்பே ஏற்பாடு செய்யுங்கள். வாட்ஸ்அப், கூகுள், யூடியூப் ஆகியவை சீனாவில் முடக்கப்பட்டுள்ளன. அங்கு பேசவும் பயன்படும் வீசாட் இந்தியாவில் 2020 ஜூனில் தடை செய்யப்பட்டது. ஆகவே கனடாவிலோ இலங்கையிலோ இருக்கும் பெற்றோர் வீசாட்டைப் பதிவிறக்கிக்கொண்டால் போதும், மதுரையில் இருக்கும் பெற்றோருக்கு அது வழியில்லை. சொந்த நாட்டு சிம்மை ரோமிங்கில் வைத்திருந்தால் அதன் வழி வரும் இணையத்தில் வாட்ஸ்அப் வேலை செய்யும். முதல் மாதத்துக்காவது அந்த ஏற்பாடு இருக்கட்டும். பருப்பும் கறிவேப்பிலைப் பொடியும் பின்னர் தேடிக்கொள்ளலாம். குவாங்ஜோ, ஈவூ போன்ற வணிக நகரங்களில் இந்தியக் கடைகள் உண்டு. வளாக உணவகத்தில் கீரை, தோஃபு, முட்டை மலிவாகக் கிடைக்கும், ஆனால் சைவர்கள் குழம்பில் இறைச்சிச் சாறு உண்டா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஊருக்குப் பணம் அனுப்ப வரி கட்டிய சான்று, ஒப்பந்தம், அனுமதி ஆகியவற்றை வங்கி கேட்கும் என்பதால், வரிச் சான்றை அவ்வப்போது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேறு கல்லூரிக்கு மாற விரும்பினால் பழைய நிறுவனத்தின் விடுவிப்புக் கடிதமும் வேலை அனுமதி ரத்துச் சான்றும் இல்லாமல் புதிய அனுமதி கிடைக்காது. இவ்விரண்டையும் எத்தனை நாளில் தருவார்கள், இடையில் விலகினால் எவ்வளவு இழப்பீடு என்பதைக் கையெழுத்திடும் ஒப்பந்தத்தின் சீன மொழிப் பிரதியிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். பிணக்கு வந்தால் ஆங்கிலப் பிரதியைவிட அதற்கே பெரும்பாலும் மதிப்பு என்பதால், சீனம் தெரிந்த ஒருவரிடம் அதை வாசிக்கக் கொடுத்த பிறகே பேனாவைத் தொடுங்கள்.