பனிப்புயல் அடிக்கும்போது அக்கம்பக்கத்துக்கு என்ன எழுதுவது, எப்படி எழுதுவது

பனிப்புயல் தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்தில் தெருக்காரர்களின் குழுவுக்கு வருவதெல்லாம் படங்கள்தான். ஜன்னலுக்கு வெளியே வெள்ளை, வாசலில் வெள்ளை, வெள்ளைக்குள் குதிக்கிற நாய்க்குட்டி. வரட்டும், தப்பில்லை. ஆனால் பொழுது சாய்ந்து, கரன்ட் போய், காற்று கதவைப் பிடித்து உலுக்கும் நேரத்தில் "உங்க பக்கம் எப்படி இருக்கு?" என்று ஒருவர் கேட்டால், அவர் ஏதோ ஒன்றை முடிவு செய்ய வேண்டிய இடத்தில் இருக்கிறார். நாளைக் காலை டயாலிசிஸுக்கு வண்டி எடுக்க முடியுமா, கரன்ட் எங்கள் வீட்டில் மட்டும் போயிருக்கிறதா, கோடி வீட்டில் தனியாக இருக்கும் பாட்டி போனை எடுக்கவில்லையே, அங்கே விளக்கு எரிகிறதா. "பயங்கரமா இருக்குங்க" என்ற பதிலை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

எதை அனுப்புவதற்கு முன்பும் ஒன்றைப் பாருங்கள்: படிப்பவர் இதை வைத்து வெளியே போவதா வேண்டாமா என்றாவது முடிவெடுக்க முடியுமா? முடியும் என்றால் அனுப்புங்கள். இல்லையென்றால் பேட்டரியை மிச்சம் பிடியுங்கள்.

நேரத்தைச் செய்திக்குள்ளேயே எழுதுங்கள்

புயலில் செல்போன் டவர்கள் திணறும். இரண்டு மணிக்கு நீங்கள் அனுப்பியது ஐந்து மணிக்குப் போய்ச் சேரலாம், அதை இன்னொருவர் ஏழு மணிக்கு வேறு குழுவுக்குத் தள்ளிவிடுவார். "இப்போ ரோடு கிளியர்" என்பதில் "இப்போ" எப்போது என்று யாருக்கும் தெரியாது, அதை நம்பி ஒருவர் காரை எடுத்துவிடுவார். அதனால் நேரம், இடம், என்ன பார்த்தீர்கள், யார் பார்த்தது, இந்த நான்கும் ஒரே செய்தியில் இருக்க வேண்டும். இப்படி:

"மதியம் 2.10. பள்ளிக்குப் பின்னால் உள்ள தெரு, மேடேறும் பகுதி. முழங்கால் அளவு பனி, நடுவில் ஒரு வேன் சிக்கி நிற்கிறது, ஆள் இல்லை. பனி தள்ளும் வண்டி காலையிலிருந்து வரவில்லை. மாடியிலிருந்து நானே பார்த்தது."

இதைப் படிக்க அழகாக இல்லைதான், ஆனால் அந்த மேட்டில் இனி யாரும் ஏற மாட்டார்கள். கேள்விப்பட்டதை எழுதுவதானால் கேள்விப்பட்டது என்றே எழுதுங்கள். "மச்சானுக்குத் தெரிந்தவர் சொன்னார்" என்று வருகிற செய்திகளில் பாதி, எந்த வருஷத்துப் புயலிலோ எடுத்த படத்தோடுதான் வரும். வெளியே பார்த்தால் இருட்டு, படத்தில் பட்டப்பகல் என்றால் அதை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பனியின் ஆழத்தை விட முக்கியம் கண்ணுக்கு எவ்வளவு தூரம் தெரிகிறது என்பது

எத்தனை அடி விழுந்தது என்பதையே எல்லோரும் கேட்பார்கள். ஆனால் வானிலைக்காரர்கள் பனிப்புயல் என்று சொல்வதற்கு ஆழத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை. அமெரிக்க தேசிய வானிலை சேவையின் கணக்கில், மணிக்கு 56 கி.மீ. அல்லது அதற்கு மேல் காற்று, பார்வை தூரம் 400 மீட்டருக்கும் குறைவு, இந்த நிலை குறைந்தது 3 மணி நேரம் நீடிக்க வேண்டும். கனடாவில் பொதுவாகக் காற்று 40 கி.மீ. இருந்தால் போதும், ஆனால் 4 மணி நேரம். 1977 ஜனவரியில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரத்தை முடக்கிய புயலில் புதிதாக விழுந்த பனி அப்படியொன்றும் அதிகமில்லை. உறைந்து கிடந்த ஈரி ஏரியின் மேல் ஏற்கெனவே குவிந்திருந்த பனியைக் காற்று வாரிக்கொண்டு வந்து ஊர்மேல் கொட்டியது.

ஆகவே தூரத்தைச் சொல்லப் பழகுங்கள். வானம் தெளிவாக இருக்கும் நாளிலேயே உங்கள் ஜன்னலிலிருந்து தெரியும் மூன்று பொருள்களுக்கு எவ்வளவு தூரம் என்று போன் வரைபடத்தில் பார்த்து, ஒரு தாளில் எழுதி ஜன்னலோரம் ஒட்டிவிடுங்கள்: எதிர்வீட்டு வாசல் விளக்கு 25 மீட்டர், முனைக் கம்பம் 90 மீட்டர், தண்ணீர்த் தொட்டி 400 மீட்டர், ஏதோ உங்களுக்கு வாய்த்தது. புயல் நேரத்தில் "தண்ணீர்த் தொட்டி மறைந்து ஒரு மணி நேரம் ஆகிறது, இப்போது முனைக் கம்பமும் தெரியவில்லை" என்று நீங்கள் எழுதினால், அந்தப் பக்கம் வண்டியில் வரலாமா என்று யோசிப்பவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

ஆழத்தையும் அளக்கத்தான் ஆசை என்றால் சரியாக அளந்துவிடுங்கள். கார் மேல் ஸ்கேலைக் குத்திப் படம் எடுப்பது அளவே இல்லை. பனி தொடங்கும் முன் ஒரு பிளைவுட் பலகை, அரை மீட்டர் சதுரம் இருந்தால் தாராளம், வெள்ளை பெயின்ட் அடித்தது, வீட்டுச் சுவரிலிருந்தும் மரத்திலிருந்தும் தள்ளித் தரையில் சமமாக வையுங்கள். பக்கத்தில் ஒரு குச்சியை நடுங்கள், இல்லாவிட்டால் பிறகு பலகையைத் தேடி நீங்களே தோண்டிக்கொண்டிருப்பீர்கள். ஸ்கேலைச் செங்குத்தாக இறக்கி, பலகையில் தட்டிய பிறகு படியுங்கள். பலகையைத் துடைத்துவிட்டு மறுபடி அளப்பது 6 மணி நேரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் கூடாது. மணிக்கொரு தடவை துடைத்தால் பனி தன் எடையில் அமுங்குவதற்கு நேரமே கிடைக்காது, கூட்டிப் பார்க்கும்போது தொகை வீங்கிவிடும். காற்று வாரி அடிக்கிற நாளில் பலகையில் ஒன்றுமே நிற்காமலும் போகலாம், அப்போது ஐந்தாறு இடத்தில் அளந்து சராசரி எடுங்கள்.

புதிதாக விழுந்தது எவ்வளவு, தரையில் மொத்தம் கிடப்பது எவ்வளவு, இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். பொடியா, ஈரமா என்பதையும் சேருங்கள். தோராயமாக 10 செ.மீ. பனி உருகினால் 1 செ.மீ. தண்ணீர் என்பார்கள், அப்படியானால் ஒரு சதுர மீட்டரில் 10 கிலோ. ஈரப்பனி இதைப்போல இரண்டு மூன்று மடங்குகூடப் போகும். கூரை பற்றிக் கவலைப்படுகிறவருக்கு அதுதான் வேண்டிய தகவல். அமெரிக்காவின் கொலராடோவில் 1998-ல் தொடங்கிய கோகோராஸ் என்ற தன்னார்வலர் அமைப்பு இப்படி வீட்டு முற்றங்களில் அளந்ததைத்தான் சேர்க்கிறது. ஒரு கி.மீ. தள்ளினாலே பனியின் அளவு மாறிவிடுகிறது என்பதால் வீட்டுக்கு வீடு எடுக்கும் இந்த அளவுகளுக்கு மதிப்பு உண்டு.

கரன்ட் போனால் முதலில் தெருவைப் பாருங்கள். எதிர்வீட்டில் வெளிச்சம் இருந்தால் உங்கள் வீட்டு மெயின் சுவிட்சைப் பாருங்கள், இல்லாவிட்டால் மின் நிறுவனத்துக்குச் சொல்லுங்கள், அப்புறம் குழுவில் "மாலை 6.40 முதல் இல்லை, தெருவின் இந்தப் பக்கம் முழுவதும்" என்று ஒரே வரி. பிரிட்ஜைத் திறக்காவிட்டால் 4 மணி நேரம் தாங்கும், நிரம்பிய ஃப்ரீசர் 48 மணி நேரம். அறுந்து தொங்கும் கம்பியைப் பார்த்தால் 10 மீட்டராவது தள்ளி நின்று அவசர எண்ணுக்குச் சொல்லுங்கள், அதைப் படம் எடுக்கக்கூட கிட்டப் போகாதீர்கள்.

தலைவலி என்று யாராவது எழுதினால்

குழுவில் எந்தச் செய்தியைத் தவறவிட்டாலும் இதைத் தவறவிடக் கூடாது: "வீட்டில் எல்லோருக்கும் தலைவலி, குமட்டலாக இருக்கிறது." ஒரே வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில், காய்ச்சல் இல்லாமல் இப்படி வந்தால் அது கார்பன் மோனாக்ஸைடாக இருக்கலாம். வாசனை கிடையாது, நிறம் கிடையாது, தூக்கம் வருவது போலத்தான் இருக்கும். எரிவாயு ஹீட்டரின் புகைக்குழாய் பல வீடுகளில் பக்கச்சுவரில், தரையிலிருந்து கொஞ்ச உயரத்தில்தான் வெளியே வருகிறது. காற்று பனியைக் குவித்து அதை மூடிவிட்டால் வெளியே போக வேண்டிய வாயு உள்ளே திரும்பும். அப்படி எழுதியவருக்கு உடனே பதில் போட வேண்டும்: எல்லோரும் வெளிக்காற்றுக்கு வாருங்கள், அவசர எண்ணை அழையுங்கள், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். காரணத்தை அப்புறம் தேடிக்கொள்ளலாம்.

அப்படி நடக்காமல் இருக்க, சில மணி நேரத்துக்கு ஒரு தடவை "புகைக்குழாய் வாயில் பனியை ஒதுக்கியாச்சா?" என்று யாராவது ஒருவர் எழுதிக்கொண்டே இருங்கள். நச்சரிப்பு மாதிரி தெரியும், தெரியட்டும். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ கராஜிலோ ஓட்டுவது, கரி அடுப்பை உள்ளே மூட்டுவது, இரண்டுக்கும் இடமே கொடுக்காதீர்கள். ஜெனரேட்டர் வீட்டிலிருந்து 6 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும்.

காரிலும் இதே கதைதான். 1978 பிப்ரவரியில் பாஸ்டனைச் சுற்றியுள்ள 128-ஆம் சாலையில் ஆயிரக்கணக்கான கார்கள் புதைந்தபோது, சைலன்சர் வாய் அடைத்து உள்ளேயே உயிர்விட்டவர்கள் உண்டு. 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் முர்ரே மலைநகரில் பனி பார்க்கப் போனவர்கள் சாலையிலேயே மாட்டிக்கொண்டு, 20-க்கும் மேற்பட்டோர் கார்களுக்குள் இறந்துபோனார்கள். சிக்கிக்கொண்ட ஒருவர் உங்களுக்கு எழுதினால் அவருக்குச் சொல்ல வேண்டியது: வண்டியை விட்டு நடக்காதே, முதலில் சைலன்சர் வாயைத் தோண்டு, மணிக்கு ஒரு பத்து நிமிஷம் மட்டும் இன்ஜினை ஓட்டு, காற்று அடிக்காத பக்கக் கண்ணாடியை ஒரு விரல்கடை இறக்கி வை, ஆன்டெனாவில் சிவப்புத் துணி ஏதாவது கட்டு. எல்லாவற்றையும் ஒரே எஸ்எம்எஸ்ஸில் அனுப்புங்கள். அழைப்பு போகாத இடத்திலும் எஸ்எம்எஸ் பல சமயம் போய்விடும், அவருடைய பேட்டரியும் தப்பும்.

உதவி கேட்பது, கொடுப்பது

முதலில் அவசர எண், பிறகுதான் குழு. ஆனால் மீட்புக்காரர்களாலும் வர முடியாத நேரம் உண்டு. 2022 டிசம்பரில் பஃபலோவிலும் சுற்றுப்புறத்திலும் 40-க்கும் மேற்பட்டோர் இறந்த புயலில் மீட்பு வண்டிகளே பனியில் மாட்டிக்கொண்டன. வண்டி ஓட்டத் தடை 23-ஆம் தேதி காலை 9.30-க்கு வந்தது, அதற்குள் பலர் வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டிருந்தார்கள். அன்றைக்குக் கைகொடுத்தவர்களில் பெரும்பாலோர் பக்கத்தில் இருந்தவர்கள்தான். வேன் சிக்கி, பனி அள்ள ஷவல் கேட்டுக் கதவைத் தட்டிய கொரியச் சுற்றுலாப் பயணிகளை ஒரு தம்பதி உள்ளே அழைத்து வார இறுதி முழுக்கத் தங்கவைத்தது அப்போதுதான்.

கேட்பவர் எழுத வேண்டியது: எத்தனை பேர், வயது, வீட்டுக்குள் சூடு இருக்கிறதா, என்ன வேண்டும், எப்போதைக்குள், வீட்டை எப்படி அடையாளம் காண்பது. "அம்மாவுக்கு ஆக்ஸிஜன் மெஷின், பேட்டரி இரவு 11 வரை தாங்கும்" என்று சொன்னால் ஓடி வர ஆள் இருப்பார். "யாராவது உதவுங்களேன்" என்றால் எல்லோரும் வருத்தப்படுவார்கள், அவ்வளவுதான். நோய் விவரம், வீடு காலியாக இருக்கிறது என்பது போன்றவை தெருக்குழுவோடு நிற்கட்டும். உதவி வந்ததும் அதே செய்திக்கு அடியில் "கிடைத்துவிட்டது, இரவு 9.15" என்று போட்டு முடியுங்கள். இதைச் செய்யாததால்தான் நள்ளிரவில் யாரோ ஒரு புண்ணியவான் ஏற்கெனவே தீர்ந்த பிரச்சினைக்காகப் பனியில் இறங்குகிறார்.

பேசாமல் இருப்பவர்களை மறந்துவிடாதீர்கள். அதிகம் எழுதுகிறவருக்கு சூடும் சார்ஜும் இருக்கிறது என்றுதான் அர்த்தம். காலை, மதியம், இரவு என்று நேரம் குறித்து ஒருவர் வீடுவீடாகப் பெயர் கூப்பிட, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரே ஒரு போன் "இருக்கிறோம்" என்று சொல்லட்டும், மற்ற போன்கள் அணைந்து கிடக்கட்டும். இருக்கிற போனையும் உள்சட்டைப் பையில் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள், குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும். யார் பதில் சொன்னார்கள், யார் என்ன கேட்டார்கள் என்ற கணக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருப்பதே நல்லது.

பதில் வராத வீட்டுக்கு உடனே ஓடாதீர்கள். பனி கண்ணை மறைக்கும்போது சொந்த முற்றத்திலேயே திசை தெரியாமல் போகும். அந்த வீடு கண்ணுக்குத் தெரிகிற பக்கத்து வீட்டார் ஜன்னலில் டார்ச் அடித்துப் பார்க்கட்டும். மூன்று முறை அணைத்து ஏற்றினால் நலம், தொடர்ந்து எரியவிட்டால் ஆள் வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தால் போனே தேவையில்லை. குரல் செய்தி வந்தால் காது கொடுத்துக் கேளுங்கள். வார்த்தை குழறுகிறது, சொன்னதையே சொல்கிறார், "நடுக்கம் நின்றுவிட்டது, இப்போது பரவாயில்லை" என்கிறார் என்றால் நிலைமை மோசமாகிக்கொண்டிருக்கிறது. உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கியவருக்குத் தனக்கு ஆபத்து என்பதே உறைக்காது. மறுபடி அவசர எண்ணைப் பிடியுங்கள், பக்கத்தில் யாராவது பத்திரமாகப் போய்ச் சேர முடியுமா என்று பாருங்கள்.

புயல் ஓய்ந்ததும்

காற்று நின்றவுடன் எல்லோரும் ஷவலைத் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள், மாரடைப்பு வருவதும் அப்போதுதான். இதயக் கோளாறு உள்ளவர் பெயரைச் சொல்லி, "நீங்க இறங்காதீங்க, தம்பி வர்றான்" என்று எழுதிவிடுங்கள், பொதுவாகச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். முடியாமல் நிற்கிற கோரிக்கைகளை நோட்டில் பார்த்து ஒவ்வொன்றாகத் தீர்த்து அடித்துவிடுங்கள். தீயணைப்புக்கான தண்ணீர்க் குழாய் உங்கள் வீட்டு முன்னால் இருந்தால், சுற்றிலும் ஒரு மீட்டர் அகலத்துக்குத் தோண்டிவிட்டுத் தோண்டியாயிற்று என்று எழுதுங்கள், இல்லாவிட்டால் இன்னும் மூன்று பேர் ஷவலோடு அங்கே வந்து நிற்பார்கள்.